டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால்: சென்னைக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணையாமல் ஒன்று நின்றுவிட்டாலோ, ஓட்டிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்று எரிந்தாலோ என்ன செய்வது என்பதற்காக இதை எழுதுகிறேன். விளக்கு எரிந்ததும் பயந்துபோய், சொன்ன பாகத்தையெல்லாம் மாற்றிவிட்டு, ஒரு வாரத்தில் அதே விளக்கோடு திரும்பி வருபவர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தச் செலவில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. விளக்கு காட்டுவது அறிகுறியைத்தான். காரணத்தை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டுமா?

நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்றால் நிதானமாக ஓட்டிப் போய் சில நாட்களுக்குள் பார்த்துவிடலாம். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல் மட்டுமே. இதற்கு ஒரே பெரிய விதிவிலக்கு செக் என்ஜின் விளக்கு. அது மஞ்சளாக இருந்தாலும் விட்டுவிட்டுச் சிமிட்டினால் சிவப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது.

சிவப்பு ஆயில் விளக்கு. ‘பக்கத்தில்தான் ஷெட், ஓட்டிட்டே போயிடலாம்’ என்கிறார் நண்பர். போகலாமா?

கூடாது. எண்ணெய்க் கிண்ணம் போன்ற அந்தச் சிவப்பு விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தத்தைக் காட்டுவது. அழுத்தம் இல்லாமல் ஓடும் என்ஜினில் பேரிங்கும் கிராங்க் ஷாஃப்ட்டும் உலோகத்தோடு உலோகமாக உரசும். அந்த இரண்டு கிலோமீட்டரே என்ஜினை இறக்கிப் பிரிக்கும் வேலையில் கொண்டுபோய் விடலாம். அணைத்துவிட்டு, சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் சரியான தரத்து ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் டோ வண்டிதான். அழுத்தத்தை அளக்கும் ஸ்விட்ச் மட்டும் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அதைத் தனி கேஜ் வைத்து அளந்து உறுதி செய்ய வேண்டும், ஓட்டிப் பார்த்து அல்ல.

வெயிலில், ஓஎம்ஆர் சிக்னலில் நிற்கும்போது மட்டும் டெம்பரேச்சர் விளக்கு வருகிறது. வண்டி ஓட ஆரம்பித்தால் போய்விடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ரேடியேட்டர் ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆகவே முதலில் ஃபேனைப் பாருங்கள்: ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறதா, இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், அந்த மோட்டாரின் கனெக்டர் என்ற வரிசையில் பார்க்கலாம். நெரிசலில் நிற்கும்போது ஏசிக் காற்று சூடாக வருவதும் இதே ஃபேன் கோளாறின் இன்னொரு அடையாளம்.

விளக்கு எரிந்த நொடியில் செய்ய வேண்டியது வேறு. ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். என்ஜின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும், மே மாதத்தில் அது கொடுமைதான், ஆனாலும் பலன் உண்டு. ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

சென்னைக்கென்று இன்னொன்று. கூலன்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். இங்கே பல பகுதிகளில் அது உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு வேறு தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், பிறகு முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள்.

சிறிய கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரியும் நீல விளக்கு என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது கோளாறு இல்லை.

பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரியை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஓடும்போது அது எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், இடையிலுள்ள ஒயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருந்தால் அது நன்றாக இருக்கிறது. என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பும் சுற்றும் வண்டி என்றால் பெல்ட் அறுந்ததும் என்ஜினும் சூடாகும். பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

ஒரே நேரத்தில் ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக், செக் என்ஜின் என்று எல்லாம் எரிகின்றன. எல்லாமே போய்விட்டதா?

நாலைந்து அமைப்புகள் ஒரே காலையில் சேர்ந்து கெடுவது அரிது. வோல்டேஜ் குறைவதுதான் வழக்கமான காரணம்: ஓய்ந்துபோன பேட்டரி, தளர்ந்த டெர்மினல், துருப்பிடித்த எர்த் ஒயர். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் எர்த் இணைப்பு பச்சையாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். டெர்மினலையும், பாடியில் எர்த் ஒயர் போல்ட் ஆகும் இடத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு, மிச்சம் எந்த விளக்கு நிற்கிறது என்று பாருங்கள். எந்த மாட்யூலையும் மாற்ற அதற்கு முன் சம்மதிக்காதீர்கள்.

செக் என்ஜின் விளக்கு சிமிட்டினால் ஏன் அவ்வளவு அவசரம்?

சிமிட்டுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. அதீதச் சூட்டில் கன்வெர்ட்டர் உருகிப் போகும். அப்போது சில ஆயிரங்களில் முடிய வேண்டிய ஸ்பார்க் ப்ளக் அல்லது அதற்கு மின்சாரம் தரும் காயில் வேலை, காரின் விலையுயர்ந்த பாகங்களில் ஒன்றை மாற்றும் வேலையாகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக ஓரம் போய் நிறுத்துங்கள்.

சிமிட்டாமல் நிலையாக எரிந்தால், வண்டி இழுக்கிறதா, சத்தம், நாற்றம், புகை உண்டா என்று கவனித்துவிட்டு, ஓட்டிக்கொண்டே போய் கோடு படிக்கலாம்.

கோடு படிப்பது என்றால்? நானே செய்யலாமா?

தாராளமாக. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பிஎஸ்4 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2010 ஏப்ரலில் வந்தன. அதையொட்டி, காரே தன் கோளாறைக் கண்டுபிடித்து ஒரு குறியீடாக (அதுதான் ‘கோடு’, code) குறித்து வைக்கும் ஓபிடி அமைப்பும் கட்டாயமாகி, 2013-லிருந்து ஓபிடி-2 என்ற விரிவான நிலைக்கு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, பல கார்களில் ஃப்யூஸ் பெட்டிப் பக்கத்தில், 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மல்டிமீட்டருக்கு ரிச்சி தெருவுக்கே போய்விடுங்கள். ஸ்கேனரைச் செருகி, சாவியைப் போட்டு, மொபைலில் ஒரு ஆப் திறந்தால் கோடு வந்துவிடும். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். செருகியே விட்டால் சில மலிவான ஸ்கேனர்கள் பேட்டரியைக் குடித்துவிடும்.

கோடைக் கண்டதும் ‘கிளியர்’ அமுக்காதீர்கள். முதலில் ஸ்க்ரீன்ஷாட். அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியையும் எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம், என்ஜின் சூடு, ஆர்பிஎம் என்ன என்பது அதில் இருக்கும். அதை அழித்துவிட்டு ஷெட்டுக்குப் போனால், மெக்கானிக் இருட்டில் தேட வேண்டியதுதான்.

கோடு கிடைத்துவிட்டது. அதில் சொல்லியிருக்கும் பாகத்தை மாற்றினால் போதும்தானே?

இங்கேதான் பணம் வீணாகிறது. பி0135 என்று ஒரு கோடு. ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் என்று ஆப் சொல்லும். உடனே ‘சென்சார் போச்சு சார்’ என்று முடிவாகிவிடுகிறது. அந்த வரியில் ‘சர்க்யூட்’ என்ற சொல் இருக்கிறதே. ஃப்யூஸ், ஒயர், கனெக்டர், சென்சார் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். ஃப்யூஸ் எரிந்திருந்தாலும் இதே கோடுதான் வரும், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் இதே கோடுதான். சென்சாரைக் கழற்றி அதன் ஹீட்டர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால், நல்ல சென்சார் சில ஓம்கள் காட்டும். உள்ளே அறுந்தது எதுவும் காட்டாது. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் சென்சார் மாற்றச் சொல்பவரிடம், ‘எதை அளந்து பார்த்தீங்க அண்ணே?’ என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டுவார்.

இன்னொரு உதாரணம் மிஸ்ஃபயர். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள வண்டி என்றால், இரண்டாம் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டில். கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. ப்ளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பாகத்தின் மீதான சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. இதைவிட அழகான சோதனை கார் வேலையில் எனக்குத் தெரியாது.

பி0171 கொஞ்சம் தந்திரமானது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது சொல்கிறது. இதற்கு ஆப்பில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். என்ஜின் தானாகக் கூட்டியோ குறைத்தோ ஊற்றும் பெட்ரோலின் சதவீதம் அது. கூட்டல் கழித்தல் 10-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. காற்றை எம்ஏஎஃப் சென்சாரால் அளக்கும் கார்களில், ஐடிலிங்கில் ட்ரிம் மிக அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால் எங்கோ வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கிறது. வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய எம்ஏஎஃப். மெட்ரோ வேலையால் தூசி பறக்கும் சாலைகளில் தினமும் போகிறவர்கள் ஏர் ஃபில்டரை அட்டவணைக்கு முன்பே ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பி0420 வந்திருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றப் பெரிய தொகை கேட்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் தரும் கணக்கை வைத்து எடுக்கும் முடிவுதான் இந்தக் கோடு. எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு, பின் சென்சாரின் கோளாறு இரண்டும் இதே கோடைத் தரலாம். கன்வெர்ட்டரே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்த மிஸ்ஃபயரையோ ஆயில் எரிதலையோ சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். கடைசியாக மாற்ற வேண்டிய பாகம் இது.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுமாமே?

பல வண்டிகளில் அணையும், கோளாறு அப்படியே இருக்கும். உண்மையாகவே சரியாகிவிட்ட கோளாறுக்கு அந்த வித்தை தேவையே இல்லை. தொடர்ந்து மூன்று ஓட்டச் சுழற்சிகளில் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி) தவறு தென்படாவிட்டால் ஓபிடி-2 செக் என்ஜின் விளக்கைத் தானே அணைத்துவிடும்.

மழைத் தண்ணீரில் போய் வந்த பிறகு விளக்கு எரிகிறது. தண்ணீர் வற்றினால் சரியாகிவிடுமா?

எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்தது. சக்கரத்தின் பாதி அளவுக்குள் என்றால், வீல் ஸ்பீடு சென்சார் கனெக்டரில் ஈரம் புகுந்து ஏபிஎஸ் விளக்கு வருவது சகஜம். காய்ந்ததும் போகலாம். திரும்பத் திரும்ப வந்தால் கனெக்டரைக் கழற்றிப் பச்சைத் துரு இருக்கிறதா பாருங்கள்.

நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கதையே வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கங்களில் மூழ்கிய கார்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று செல்ஃப் அடிப்பதுதான் கடைசி அடி. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைக்கூடத் திருப்பாமல் பேட்டரியைக் கழற்றி, டோ செய்யுங்கள். இன்ஷூரன்ஸிலும் இது முக்கியம்: தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குச் சாதாரண பாலிசி பொதுவாகப் பணம் தராது, என்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு வேண்டும். புதுப்பிக்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை ஏற்றி நிறுத்தினார்களே, அவர்களின் கணக்கு சரியானது.

எலித் தொல்லை. ஒயரைக் கடித்து மூன்றாவது முறையாக விளக்கு எரிகிறது.

மழைக்காலத்தில் சூடான பானெட்டுக்குள் எலி தஞ்சம் புகுவது இங்கே எல்லா அபார்ட்மென்ட்டிலும் நடக்கிறது. கடிபட்ட இடத்தில் வெறும் டேப் சுற்றுவது ஆறு மாதத்தில் புதிய கோளாறாகத் திரும்பும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடச் சொல்லுங்கள். புகையிலை, ஸ்ப்ரே எல்லாம் சிலருக்குக் கைகொடுக்கும், சிலருக்கு இல்லை. கீழ்ப்பக்கம் வலை அடிப்பது, பார்க்கிங்கில் குப்பைத் தொட்டியைத் தள்ளி வைப்பது, வண்டியை நாள்கணக்கில் நகர்த்தாமல் விடாமல் இருப்பது ஆகியவற்றை நான் அதிகம் நம்புகிறேன்.

பிஎஸ்6 டீசல் கார். வீடு அண்ணா நகர், ஆபீஸ் நுங்கம்பாக்கம். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வருகிறது.

அந்தத் தூரம்தான் பிரச்சினை. டீசல் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அது. பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடாக வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் சிறிய பயணத்தில் அது சூடாவதே இல்லை. விளக்கு மஞ்சளாக இருக்கும்போதே, வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பல கார்களில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் 15, 20 நிமிடம் போதும். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இதற்கு வசதி. சுத்தம் நடக்கும்போது பாதியில் அணைத்து அணைத்துப் போட்டால், எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அதிகமாகத் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

பெட்ரோல் போட்ட மறுநாளே விளக்கு. எத்தனாலா?

இருக்கலாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்ஸிஜன் இருப்பதால் என்ஜின் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கும். பழைய வண்டியில் ஏற்கெனவே பம்ப்போ இன்ஜெக்டரோ பலவீனமாக இருந்தால் அது எல்லையைத் தாண்டி பி0171-ஐக் கொண்டுவரலாம். மழைக்காலத்தில் தண்ணீர் கலந்த பெட்ரோல் இன்னொரு சந்தேகம். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் குணமுள்ளது. பங்க் பில்லை வைத்திருங்கள், டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அடியில் தனியாகத் தேங்குகிறதா என்று பாருங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக், பிரேக் விளக்குகள்?

ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், வழுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும், மழையில் கவனம். ஏபிஎஸ்ஸோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கு தனியாக வந்தால் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பிரேக் ஆயில் மட்டம். மட்டம் குறைந்திருந்தால் மேலே ஊற்றியதோடு விட்டுவிடாதீர்கள்: பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும்.

ஏர்பேக் விளக்கு சீட்டுக்கடியில் வாட்டர் வாஷ் செய்த பிறகு வந்தால் பெரும்பாலும் அங்குள்ள கனெக்டர்தான். ஆனால் அதை வீட்டில் நோண்ட வேண்டாம். ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டர் வைப்பது ஆபத்தானது.

புதுப்பேட்டையில் பழைய சென்சார் வாங்கிப் போடலாமா?

கதவுக் கண்ணாடி, பம்பர், ஸ்விட்ச் வாங்கலாம். ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். புதிய பாகம் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேளுங்கள். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய், அதன் மேலுள்ள பார்ட் நம்பரோடு ஒப்பிட்டு, பில்லோடு வாங்குங்கள்.

கம்பெனி சர்வீஸா, தெரிந்த ஷெட்டா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி. அதன்பிறகு, ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் கோளாறுகளைப் படிக்க அந்தக் கம்பெனி வண்டிக்கேற்ற ஸ்கேனர் உள்ள இடம் வேண்டும். சாதாரண ஆப் அவற்றைப் பெரும்பாலும் காட்டாது. மற்றபடி, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருபவரிடம் போங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறேன். விளக்கு எதுவும் எரியவில்லை. நம்பலாமா?

நேற்று இரவு அழித்துவிட்டுக்கூடக் காட்டலாம். ஸ்கேனரில் ரெடினெஸ் மானிட்டர் என்ற பகுதியைத் திறங்கள். கார் தன்னைத்தானே சோதித்து முடித்திருக்கிறதா என்பது அங்கே தெரியும். பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று இருந்தால், கோடு சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கிறது அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், செக் என்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் கட்டாயம் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்க வாய்ப்புண்டு. ஏன் எரியவில்லை என்று பிரித்துக் காட்டும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.